சண்டைக்கார சிக்லிட் ஜோடியை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிக்லிட் மீன்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, மற்ற மீன்களோடு சேருமா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஜோடியாக வளர்க்க நினைப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: ஆண் மீன் தன் துணையையே கொன்றுவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? சென்ற மாதம் வரை ஒரே குகை வாயிலில் முட்டைக்குக் காவல் நின்ற பெண் மீனை, அதே ஆண் ஒரே இரவில் துடுப்புகளைக் கிழித்து மூலையில் ஒடுக்கிவிடுவது இந்த மீன்களில் அடிக்கடி நடப்பதே. ஆற்றிலும் ஏரியிலும் தோற்ற மீன் நீந்தி விலகிவிடும். துரத்திய மீனும் தன் எல்லை வரை வந்து திரும்பிவிடும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அந்த எல்லை எங்கும் முடிவதில்லை. ஆகவே தொட்டி வாங்குவது முதல் குஞ்சுகளைப் பிரிப்பது வரை, கீழே சொல்லியிருப்பவற்றில் பெரும்பகுதி பெண் மீனுக்கு ஒரு போக்கிடம் அமைத்துத் தருவதைப் பற்றியதே.

முதலில் இனத்தை முடிவு செய்யுங்கள்

ஜோடி சேர்ந்து, இருவருமாகக் குஞ்சு காக்கும் சண்டைக்கார இனங்களில் பெரும்பாலானவை மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஆப்பிரிக்க ஏரிகளின் முபுனா வகைகளும் கடுமையாகச் சண்டையிடும் என்றாலும், அவற்றில் ஒரு ஆணுக்குப் பல பெண்கள் என்பதே முறையாதலால், அவற்றுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது.

முதன்முறையாக ஜோடி வைப்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது கன்விக்ட் சிக்லிட். கறுப்புக் கோடுகள் கொண்ட இம்மீனில் ஆண் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் வளரும். பெண் அதைவிடச் சிறியது. சிறியதாயினும் வயிற்றில் ஆரஞ்சு நிறம் பூசியது போல இருப்பதால், ஆணைவிடப் பெண்ணே வண்ணம் கூடியதாகத் தெரியும். ஃபயர்மவுத் தன் சிவந்த தொண்டையைப் பந்துபோல உப்பிக் காட்டி மிரட்டும். அதன் சண்டையில் பாதி வெறும் மிரட்டல்தான். அடுத்த படியில் இருப்பது ஜாக் டெம்ப்சி. 1919 முதல் 1926 வரை உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியனாக இருந்தவரின் பெயரைத் தாங்கிய இம்மீன் 20 சென்டிமீட்டரைத் தாண்டும். கிரீன் டெரர், டெக்சாஸ் சிக்லிட் ஆகியவையும் இதே தரத்தில் வருபவை.

நிகரகுவா ஏரிகளைச் சேர்ந்த மைடாஸ், ரெட் டெவில் ஆகியவை 30 சென்டிமீட்டரை எட்டுபவை. ஜாகுவார் சிக்லிட் அதையும் மிஞ்சும். தொட்டியை இரண்டாகப் பிரிக்கும் தடுப்பு இல்லாமல் இவற்றை ஜோடியாக வைப்பது சூதாட்டத்துக்குச் சமம். ஃப்ளவர்ஹார்ன் மனிதர்கள் உருவாக்கிய கலப்பினம். அதன் ஆண்களில் பல மலடாகவே இருப்பதாலும், துணையைச் சகிக்கும் குணம் குறைவாக இருப்பதாலும், அதைத் தனியாக வளர்ப்பதே நல்லது.

தொட்டியின் அளவு

லிட்டர் கணக்கைவிடத் தரைப்பரப்பே இங்கு முக்கியம். இம்மீன்கள் எல்லை வகுப்பது தரையில். உயரமான, ஒடுங்கிய தொட்டியில் எத்தனை லிட்டர் நீர் இருந்தாலும் இரண்டாவது மீனுக்கு அதில் இடமில்லை. கன்விக்ட் ஜோடிக்கு 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டி வசதியாக இருக்கும். ஜாக் டெம்ப்சி போன்றவற்றுக்கு 120 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குறையக் கூடாது. மைடாஸ், ரெட் டெவில் வகைகளுக்கு 180 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 120×45×45 அளவுள்ள தொட்டி 243 லிட்டர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 243 கிலோ என்பதால், கண்ணாடியும் கல்லும் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டும் அந்தச் சுமையைத் தாங்கக்கூடிய ஸ்டாண்டை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மூடி கட்டாயம், அதுவும் கனமான மூடி. துரத்தப்படும் மீன் தப்பிக்கக் கடைசியாகத் தேடும் வழி மேலே குதிப்பது. பில்டர் குழாய்க்காக விட்ட சிறு இடைவெளி வழியாகக்கூட அது தரையில் வந்து விழும்.

கல் முதலில், மணல் பிறகு

இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். என் முதல் ஜாக் டெம்ப்சி தொட்டியில் மணலை அழகாகப் பரப்பி, அதன்மேல் இரண்டு தட்டைக் கற்களைச் சாய்த்துக் குகைபோல் நிறுத்தியிருந்தேன். ஆண் மீன் வாய்நிறைய மணலை அள்ளுவதும், ஒரு சாண் தள்ளிப் போய்த் துப்புவதுமாக மூன்று நாள் ஓயாமல் வேலை செய்தது. மூன்றாம் நாள் மாலை ஒரு கல்லின் அடி வெறுமையாகி, அது சரிந்து ஹீட்டரின் மேல் விழுந்து அதை விரிசல் விடச் செய்தது. கண்ணாடிச் சுவரில் விழாமல் போனது என் அதிர்ஷ்டம். தோண்டுவது இம்மீன்களின் இயல்பு. ஆகவே கற்களை நேரடியாக அடிக்கண்ணாடியின் மேல், மெல்லிய ஃபோம் தகடு விரித்து நிறுத்தி, அவை அசையவில்லை என்பதைக் கையால் தள்ளிப் பார்த்த பிறகே, சுற்றிலும் 4 அல்லது 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மணலைப் போட வேண்டும்.

குகை அமைப்பதில் ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள்: ஒரே வாய் கொண்ட குகை பெண் மீனுக்குப் பொறி. உள்ளே நுழைந்ததும் ஆண் வாயிலை அடைத்துக்கொண்டு நின்றால் தப்ப வழி இல்லை. முட்டையிடுவதற்கு விளிம்பு உடைத்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைக்கலாம். மற்ற ஒளிவிடங்கள் எல்லாம் இரு முனையும் திறந்தவையாக இருக்கட்டும். பெண் மீன் உடல் உரச நுழையக்கூடிய, ஆணின் தலை நுழையாத அளவுள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் பார்வைக்கு அழகில்லைதான். ஆனால் தொட்டியில் நீங்கள் வைக்கும் பொருள்களில் உயிர் காப்பவை அவையே. ஆண் எப்போதும் பெண்ணைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்கும் இந்த அளவு வேறுபாடே காரணம்.

தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேராகப் பார்க்க முடியாதபடி, நடுவில் உயரமான கல்லோ மரவேரோ நிற்க வேண்டும். கண்ணில் படாத மீனை ஆண் பெரும்பாலும் தேடிப் போவதில்லை. மண்ணில் ஊன்றும் செடிகள் ஒரு வாரம் தாங்காது. மரத்தில் கட்டி வளர்க்கும் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகியவை தப்பலாம். ஹீட்டருக்குப் பிளாஸ்டிக் கூடு போடுங்கள், அல்லது சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) வைத்திருந்தால் அதற்குள் மாற்றிவிடுங்கள்.

தண்ணீரைத் தயார் செய்தல்

மத்திய அமெரிக்க இனங்களுக்கு 7 முதல் 8 வரையான பிஎச்சும், ஓரளவு கடினத்தன்மையும், 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பமும் ஏற்றவை. மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல ஐந்து முதல் எட்டு மடங்கு நீரைச் சுழற்றும் பில்டர் தேவை. பெரிய இனங்களுக்குத் தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் பில்டரே சரி.

மீனை விடுவதற்கு முன் தொட்டியைச் சைக்ளிங் செய்து முடிக்க, அதாவது மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்களைப் பில்டரில் வளரவிட, நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நறுமணமோ சோப்போ கலக்காத அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் சேர்த்து, அது 24 மணி நேரத்தில் அம்மோனியாவாகவும் இல்லாமல் நைட்ரைட்டாகவும் இல்லாமல் முழுதும் நைட்ரேட்டாக மாறுவதை டெஸ்ட் கிட்டில் பார்த்த பிறகே மீன் வாங்கப் போகலாம். பிஎச் ஏற ஏற அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும் என்பதால், 8-ஐ ஒட்டிய பிஎச்சில் வளர்க்கும் இம்மீன்களின் விஷயத்தில் இந்த அவசரப்படாமை இன்னும் முக்கியம். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் மருந்தைச் சேர்த்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகச் சேர்க்கும் குளோரமின் அப்படிப் போகாது.

ஜோடியைப் பெறுவது

ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் வாங்கி ஒன்றாக விட்டால் அது ஜோடி ஆகிவிடாது. இம்மீன்கள் துணையைத் தாமே தேர்ந்தெடுப்பவை. அதனால், 3 அல்லது 4 சென்டிமீட்டர் அளவுள்ள ஆறு குஞ்சுகளை வாங்கி ஒன்றாக வளர்ப்பதே பாதுகாப்பான வழி. சில மாதங்களில் அவற்றுள் இரண்டு தொட்டியின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, மற்ற நான்கையும் எதிர் மூலைக்கு விரட்டத் தொடங்கும். அன்றே அந்த நான்கையும் வெளியேற்ற வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எண்ணிக்கை குறைந்திருக்கும்.

வளர்ந்த மீன்களைத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது என்றால், முதலில் பாலினத்தை உறுதிசெய்யுங்கள். முதுகுத் துடுப்பின் கூர்மையை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். ஈரக் கையில் மீனை மல்லாத்தி, மலவாய்க்குப் பின்னுள்ள இனப்பெருக்கத் துளையைப் பாருங்கள்: ஆணுக்கு அது சிறியதாகவும் கூரியதாகவும், பெண்ணுக்கு அகன்றும் மழுங்கியும் இருக்கும்.

பிறகு, பெண்ணை முதலில் தொட்டியில் விடுங்கள். அது இரண்டு வாரம் அங்கே பழகி, தனக்கென ஒரு குகையைப் பிடித்த பிறகு ஆணைத் தடுப்பின் மறுபுறம் விட வேண்டும். வந்தவன் ஆண், இருப்பவள் பெண் என்ற நிலை, அளவில் சிறிய பெண்ணுக்குக் கிடைக்கும் ஒரே சாதகம். மேலும் இரண்டு வாரம் தடுப்பு வழியாகவே பார்த்துக்கொள்ளட்டும். செவுள்களை விரித்து மிரட்டுவது குறைந்து, உடலைச் சிலிர்ப்பதும், தலையை வெட்டி வெட்டி அசைப்பதும், தடுப்பின் இரு பக்கமும் ஒரே இடத்தை வாயால் துடைப்பதும் தென்பட்டால் நேரம் நெருங்கிவிட்டது. விடுமுறை நாளின் காலையில், கற்களின் இடத்தை மாற்றி அமைத்துவிட்டுத் தடுப்பை எடுங்கள். அன்று முழுவதும் அருகிலேயே இருங்கள். முதல் இரவு மறுபடியும் தடுப்பைப் போட்டுவிடுவது நல்லது.

சண்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லாச் சண்டையும் ஆபத்தானது அல்ல. இரண்டும் பக்கவாட்டில் நின்று வாலால் நீரை அறைந்துகொள்ளும். வாயோடு வாய் கவ்வி, ஒன்றையொன்று முன்னும் பின்னும் இழுக்கும். முதன்முறை பார்ப்பவர் கையை உள்ளே விட்டுப் பிரித்துவிடத் துடிப்பார். உண்மையில் அது வலிமையைச் சோதித்துப் பார்க்கும் சடங்கு. இருவரின் நிறமும் அடர்ந்திருக்கிறது, துடுப்புகள் விரிந்திருக்கின்றன, ஒரு தடவை இது தள்ளினால் மறு தடவை அது தள்ளுகிறது என்றால் கவலைப்பட ஏதுமில்லை. வாய் கவ்வுதலில் விட்டுக்கொடுக்காத பெண்ணே பெரும்பாலும் நல்ல துணையாக அமைகிறது.

ஒருதலையாக மாறும்போதுதான் எழுந்துகொள்ள வேண்டும். பெண் மீன் வெளிறிப்போய், துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு, மேல் மூலையில் பில்டர் குழாய்க்குப் பின்னால் தலை மேல்நோக்கி நிற்கும். உணவு போட்டாலும் இறங்கி வராது. ஆண் தொட்டியின் மறு முனையில் இருந்தாலும் பெண் அசைந்த மாத்திரத்தில் பாய்ந்து வரும். இந்த நிலையை ஒரு மணி நேரம்கூட நீடிக்க விடாதீர்கள். பிரிக்கும்போது வெளியே எடுக்க வேண்டியது ஆணைத்தான். காயம்பட்டது பெண் என்பதால் அதையே எடுத்துவிடுகிறோம். அப்படிச் செய்தால் தொட்டி முழுவதும் ஆணின் சொத்தாகிவிடுகிறது, திரும்பி வரும் பெண் அந்நியமாகிறது.

தடுப்பு: மீனுக்கு முன் வாங்க வேண்டிய பொருள்

கூரை விளக்குகளின் கீழ்ப் பொருத்தும் கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தகடே இதற்கு ஏற்றது. அது நீரோட்டத்தைத் தடுக்காது, எளிதில் வெட்டலாம். தொட்டியின் அகலத்துக்கும் உயரத்துக்கும் சரியாக வெட்டி, இரு பக்கக் கண்ணாடியிலும் சிலிக்கோனால் ஒட்டிய கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே செருகினால், வேண்டும்போது போடவும் எடுக்கவும் முடியும். மூடி வரை எட்டாத தடுப்பை ஆண் தாண்டும். அடியில் இறுக்கமாக அமராத தடுப்பின் கீழே தோண்டி நுழையும்.

பெரிய இனங்களுக்கு இதையே நிரந்தர ஏற்பாடாக்கலாம். தகட்டின் கீழ்ப்பகுதியில், பெண் மட்டும் நுழையும் அளவுக்கு இரண்டு மூன்று துளைகளை வெட்டிவிடுங்கள். பெண் தனக்கு வேண்டும்போது ஆணின் பக்கம் போகும். ஆபத்து என்றால் திரும்பிவிடும். துளையே இல்லாத தடுப்பிலும் இனப்பெருக்கம் நடக்கக்கூடும்: தடுப்பை ஒட்டிப் பெண்ணின் பக்கத்தில் தட்டைக் கல்லை வைத்து, ஆணின் பக்கத்திலிருந்து நீரோட்டம் அந்தக் கல்லை நோக்கி வருமாறு பில்டரைத் திருப்பிவைத்தால், ஆண் கட்டங்களின் வழியாகவே முட்டைகளைக் கருவுறச் செய்துவிடும்.

கோபத்துக்கு ஒரு திசை

விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கொன்ராட் லோரென்ஸ், சிக்லிட் ஜோடிகளைப் பற்றிச் சொன்ன செய்தி ஒன்று இந்த மீன்களை வளர்க்கும் எவருக்கும் பயன்படும். அக்கம்பக்கத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வேறு ஜோடி இருக்கும்வரை, இரண்டும் சேர்ந்து அயலாரை மிரட்டிக்கொண்டு தமக்குள் சமாதானமாக இருக்கும். அந்தக் கண்ணாடியில் பாசி படர்ந்து அயலார் கண்ணுக்கு மறையத் தொடங்கினாலோ, ஆண் தன் துணையின்மேல் பாயத் தொடங்கும். கண்ணாடியைத் துடைத்தால் குடும்பத்தில் அமைதி திரும்பும். கோபம் தானாக ஊறிப் பெருகும் என்ற அவருடைய கோட்பாட்டை ஏற்காதவர்கள் உண்டு. தொட்டியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கவனிப்பே போதும்.

ஆகவே இடமிருந்தால் பக்கத்தில் இன்னொரு தொட்டியை வைத்து, அதில் ஒத்த அளவுள்ள வேறு சிக்லிட் ஒன்றை விடுங்கள். அதற்கு வழியில்லாதபோது, 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தொட்டிகளில், மேல்மட்டத்தில் விரைந்து நீந்தும் ஜயன்ட் டானியோ, வாள்வால் மீன் போன்றவற்றில் ஏழெட்டை விடலாம். குஞ்சு பொரித்த காலத்தில் அவற்றில் ஒன்றிரண்டு பலியாகலாம் என்பதை அறிந்தே இதைச் செய்ய வேண்டும். எனக்கு அதில் மனம் ஒப்பாததால் நான் பக்கத்துத் தொட்டி முறையையே பின்பற்றுகிறேன். எதிரியாக அதன் பிம்பத்தையே முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டுவதானால் சில நிமிடங்களுக்கு மேல் வேண்டாம்; பின்வாங்காத எதிரியோடு போராடி ஆண் களைத்துப்போகும்.

உணவும் நீர் மாற்றமும்

நல்ல பெல்லட்டே அன்றாட உணவாக இருக்கட்டும். உறையவைத்த இறாலும் புழுவும் வாரத்துக்கு இரண்டு முறை போதும். உயிர் மீன்களை உணவாக விடுவது நோயைக் கொண்டுவரும். உணவை எப்போதும் தொட்டியின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். ஆண் ஒரு பக்கம் சாப்பிடும்போது பெண் மறு பக்கம் சாப்பிட்டுவிடும். வாரம் ஒருமுறை 30 முதல் 40 சதவீத நீரை மாற்றி, நைட்ரேட்டை லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருங்கள்.

முட்டையும் அதற்குப் பின்னும்

வெப்பத்தை 28 டிகிரிக்கு உயர்த்தி, பெரிய நீர் மாற்றம் ஒன்றைச் செய்தால் தயாராக உள்ள ஜோடி முட்டையிடத் தொடங்கிவிடும். கன்விக்டின் முட்டைகள் ஏறத்தாழ மூன்று நாளில் பொரியும். அடுத்த ஐந்தாறு நாளில் குஞ்சுகள் நீந்தும். வெள்ளையாகிப்போன முட்டைகளைப் பெண்ணே பொறுக்கி எடுத்துவிடும். நீங்கள் கை வைக்க வேண்டாம். பொரித்த குஞ்சுகளை மணலில் தோண்டிய குழிக்குள் கொண்டுபோய்ப் போடும். ஓரிரு நாளில் அங்கிருந்து வேறு குழிக்கு மாற்றும். விளக்கை அணைக்கும் வேளையில் பாருங்கள்: குழியைவிட்டு நழுவிய குஞ்சை வாயில் உறிஞ்சிக்கொண்டு வந்து, குழியின் மேல் நின்று மெல்ல ஊதித் துப்பும், துப்பிய கையோடு அடுத்ததைத் தேடிப் போகும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகளுக்கு அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறால்களை நாளைக்கு மூன்று நான்கு முறை தர வேண்டும். பில்டரின் உறிஞ்சு வாயில் ஸ்பாஞ்ச் மாட்டாவிட்டால் குஞ்சுகளில் பாதி அதற்குள் போய்விடும்.

பெண்ணுக்கு மிகவும் ஆபத்தான காலம் குஞ்சு காக்கும் காலம் அல்ல. குஞ்சுகள் இல்லாமல் போன மறுநாள்தான். முட்டைகள் பூஞ்சையால் அழிந்தாலோ, குஞ்சுகள் அனைத்தையும் நீங்கள் ஒரே நாளில் எடுத்துவிட்டாலோ, ஆண் உடனே அடுத்த முறைக்குத் தயாராகிவிடும். பெண் தயாராக இருக்காது. அதனால் மூன்று நான்கு வாரங்களுக்குப் பிறகு குஞ்சுகளைத் தவணை தவணையாக எடுங்கள். கடைசித் தவணையை எடுக்கும் அன்றே தடுப்பைப் போட்டு, பெண் நன்றாகத் தின்று உடல் தேறும்வரை இரண்டு மூன்று வாரம் பிரித்து வையுங்கள்.

நூற்றுக்கணக்கான குஞ்சுகளை என்ன செய்வது என்பதை முட்டைக்கு முன்பே யோசித்துவிட வேண்டும். கொடுக்க இடமில்லையென்றால், முட்டையிட்ட கல்லை முதல் நாளே எடுத்துவிட்டு, அன்றே தடுப்பையும் போடுங்கள். எந்த நிலையிலும் ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடா நீர்நிலைகளில் ஆஸ்கர், மாயன் சிக்லிட் போன்ற அயல்நாட்டு இனங்கள் இன்று நிலைபெற்றுப் பெருகியிருக்கின்றன.

காயம்பட்ட பெண்ணும் மறுபடி சேர்த்தலும்

கிழிந்த துடுப்புகள் சுத்தமான நீரில் தாமாகவே வளரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை சிறிதளவு நீர் மாற்றமும், லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் அயோடின் சேராத உப்பும் பெரும்பாலான காயங்களுக்குப் போதும். பஞ்சுபோலப் பூஞ்சை படர்ந்தால் மட்டும் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள்.

துடுப்பு முழுதாக வளர்ந்து, நிறம் திரும்பி, உணவுக்கு முந்திக்கொண்டு வரும் வரை மறுசேர்க்கையைப் பற்றி யோசிக்காதீர்கள். அதன் பிறகு முதல் முறை செய்ததையெல்லாம் தொடக்கத்திலிருந்து செய்யுங்கள்: பெண் முதலில், தடுப்புக்கு அப்பால் ஆண், இரண்டு வாரக் காத்திருப்பு, கற்களின் இட மாற்றம். இரண்டாம் முறையும் ஆண் அதே போல நடந்துகொண்டால், அதோடு விட்டுவிடுங்கள். துணையைச் சகிக்காத ஆண்கள் இருக்கவே செய்கின்றன. என்னிடம் உள்ள ஜாக் டெம்ப்சி ஆணும் அப்படிப்பட்டதுதான். இரண்டு பெண்களை அதனிடமிருந்து மீட்ட பிறகு, 120 சென்டிமீட்டர் தொட்டி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். இப்போது அது பக்கத்துத் தொட்டியை முறைத்துப் பார்ப்பதும், மணலை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கடத்துவதுமாக இருக்கிறது.